பத்தொன்பது குடும்பங்கள் தின்ற கோதுமை

விழாவுக்குத் தலைமை தாங்கும் நகரத் தலைவர் வாண்டா புரூவெட் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் முதுமையையும் முழங்கால் வலியையும் மறந்து முறுவலோடு வீற்றிருக்கும் பெரியோர்களே! விடிவதற்குள் எழுந்து அடுப்பு மூட்டி, ஊருக்கெல்லாம் செர்ரிப் பழ அடை சுட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில், வழக்கம்போலத் தனியாக அமர்ந்திருக்கும் லியோட்டா ரைன்ஹோல்ட்ஸ் அக்கா அவர்களே! அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் நம் ஊர் நாள் நாடகம் தொடங்க வேண்டும். 1881 பனிப்புயலில், இந்த நெப்ராஸ்கா வெட்டவெளியில், ரயிலும் வராமல் ரொட்டியும் இல்லாமல் கிடந்த பத்தொன்பது குடும்பங்களுக்குத் தன் கோதுமைக் களஞ்சியத்தைத் திறந்துவிட்ட வள்ளல் யார்? என் கொள்ளுத்தாத்தா ஹைரம் டன்ஸ்மோர்! இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த வேடம் கட்டியவன் யார்? இந்த எவரெட்! இன்று நான் அதைக் கட்டப் போவதில்லை.

என்ன கிளைட்? "பழைய கதைய விடுப்பா, நாடகத்த ஆரம்பி"ன்னு கத்துறியா? உட்காருய்யா. முடி வெட்டும்போது நீ பேசுற பேச்சை நாங்க பொறுத்துக்கலையா?

இன்றைய பேச்சுக்காகக் கொள்ளுத்தாத்தாவைப் புகழ நாலு வரி தேடி, எங்கள் குடும்பம் நடத்தும் ஊர்ப் பத்திரிகையின் பழைய கட்டுகளை அச்சகப் பரணிலிருந்து இறக்கினேன். 1881 மார்ச் இதழ் சொல்கிறது: "திரு. ஆகஸ்ட் ரைன்ஹோல்ட்ஸ் தம் கோதுமையைப் பத்தொன்பது குடும்பங்களுக்கும் பங்கிட்டளித்தார்." கீழே குடும்பங்களின் பட்டியல். ஏழாவது பெயர், ஹைரம் டன்ஸ்மோர். கொடுத்தவர் அல்ல ஐயா, கை நீட்டி வாங்கியவர்! வாங்கித் தின்றவர்!

அதோடு இதழ்க் கட்டை மூடியிருக்கலாம். மூடவில்லை. 1918 ஏப்ரல் இதழ். ஜெர்மனியோடு போர். நாடகக் கொட்டகையில் ஒரு போர்ப் பேச்சாளர், ஜெர்மானியர் அத்தனை பேரும் மிருகங்கள் என்று முழங்கினாராம். கொட்டகையே கைதட்டியதாம். ஜெர்மனியில் பிறந்த ஆகஸ்ட் மட்டும் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும், பட்டப்பகலில், அவர் வீட்டுச் சுவரெல்லாம் துரோகி என்று முத்திரை குத்தும் மஞ்சள் சாயம்! அறுபத்தெட்டு வயது மனிதரை மண்டியிட வைத்துக் கொடியை முத்தமிட வைத்தார்கள். நம் பத்திரிகை என்ன எழுதியது? "இளைஞர்களின் இனிய விளையாட்டு." எழுதியவர் ஹைரம். மறுவருடம் இந்த நாடகத்தை முதன்முதலில் போட்டவரும் ஹைரம். சோறு போட்டவர் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதிக்கொண்டார்.

வெட்கமாக இருக்கிறது. இந்த மண்ணில் நமக்கு முன் வாழ்ந்த பானி என்ற பழங்குடி மக்களுக்கு நாடகத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. அதை எந்த இதழ்க் கட்டில் தேடுவது?

இரண்டு இதழ்களையும் எடுத்துக்கொண்டு லியோட்டா அக்கா வீட்டுக்கு ஓடினேன். ஆகஸ்டின் கொள்ளுப்பேத்தி அல்லவா?

பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது எங்ககிட்டயும் இருக்கு, எவரெட். ரெண்டு இதழும். எங்கப்பா பைபிளுக்குள்ள வெச்சிருந்தாரு."

"தெரிஞ்சுமா அக்கா வருஷா வருஷம் வந்து எனக்குக் கைதட்டுனீங்க?"

"தட்டாம? எங்க கொள்ளுத்தாத்தா ஒரு தடவ தட்டல. அது போதாதா? சின்னதுலயே அம்மா சொல்லிட்டாங்க, 'நாடகம் முடிஞ்சதும் மொத ஆளாத் தட்டிடுங்கடி'ன்னு. பழகிப்போச்சு. உன் நடிப்பு சுமார்தான், ஆனா நான் பலமாத் தட்டிருவேன்."

சிரித்தார், பெருமக்களே. என்னால் சிரிக்க முடியவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தக் கைதட்டலில் குளிர் காய்ந்தவன் நான். அது பாராட்டா? பயம்! பரம்பரைப் பயம்! அந்தப் பயத்தைப் புகழ் என்று நினைத்துக் குனிந்து குனிந்து வணங்கினேனே!

இனி நாடகத்தில் கோதுமை தருபவர் ஆகஸ்ட் ரைன்ஹோல்ட்ஸ். கை நீட்டி வாங்குகிறவராக நான் நடிக்கிறேன், ஏழாவது ஆளாக. இரண்டு இதழ்களும் வரும் வாரம் நம் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வரும், எங்கள் குடும்பப் பெயரோடு.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. பேசி முடித்தவனுக்குக் கைதட்டுவது மரபு. இன்று எனக்கு யாரும் தட்ட வேண்டாம். லியோட்டா அக்கா, குறிப்பாக நீங்கள் தட்டக் கூடாது. கையை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்காருங்கள். நாங்களும் அப்படியே உட்கார்ந்திருக்கிறோம். வணக்கம்.