மாவுக்கட்டு காயும்வரை

மாவுக்கட்டுத் துணியைத் தண்ணீரில் நனைத்தால் லேசாகச் சுடும், ஐயா. நான் அதைக் கட்டுக்கட்டாக வாங்குவதைப் பார்த்து, உத்திரமேரூர் மருந்துக்கடையில் வீட்டில் யாருக்கு அடி என்று கேட்பார்கள். பூமிக்குள்ளிருந்து வரும் பழைய எலும்புக்கு என்றால் சிரிப்பார்கள். வெறுங்கையால் எடுத்தால் உதிர்ந்துவிடும். கட்டுப் போட்டு, காயவிட்டு, பிறகுதான் மண்ணோடு பெயர்க்க வேண்டும்.

பயிர் வைத்ததுபோக எனக்கு இருந்த ஒரே பைத்தியம் இதுதான். கல்லாகிப்போன நத்தை, மீன் பல் என்று ஊர் ஊராக அலைந்து சேர்த்தேன். எதையும் பூட்டி வைத்ததில்லை. தாமல், ஏனாத்தூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகள் கையில் கொடுப்பேன். இரண்டு இருந்தால் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வருவேன். சடையப்பனுக்குத் தாராள மனசு என்று என்னைச் சொல்வார்கள்.

துரையை நீங்கள் உயிரோடு பார்த்திருக்க மாட்டீர்கள். ஊர் ஓரத்து இருளர் குடியிருப்பு. என் நிலத்து வேலையெல்லாம் அவன்தான். அன்று என் மண்கிணற்றைத் தூர் வாரிக்கொண்டிருந்தவன், "நைனா, இன்னாமோ பெரிய எலும்பு கீது, வந்து பாரு" என்று குரல் கொடுத்தான். இறங்கினேன். கிழக்குச் சுவரில் ஒரு தொடை எலும்பு, என் கை நீளத்துக்கு. யானைக்கும் முந்தைய ஏதோ ஒரு பிராணி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைப் பார்த்து அவன் சிரித்தான்.

நான் கட்டுத்துணி எடுக்க மேலே வந்தபோது எதிர்ச்சுவர் சரிந்தது. அவனுக்கு இடுப்புவரை மண். கால் ஒடிந்திருக்க வேண்டும், ஆனால் தெளிவாகப் பேசினான். பக்கத்து நிலத்தில் தினகரனின் ஜேசிபி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் வண்டி கிழக்குக் கரையை உடைத்துத்தான் இறங்க முடியும். எலும்பு அந்தப் பக்கம்தானே இருந்தது. அதனால் துணியோடு திரும்ப இறங்கி, முதலில் எலும்புக்குக் கட்டுப் போட்டேன், பதறாமல், சுருக்கம் விழாமல்.

"நைனா, வலிக்குது. யாரையனா இட்டுக்கினு வா."

"ஆளு வந்துகினு கீது. பொறுத்துக்கடா."

சரி என்றான். நான் சொன்னால் நம்புவான்.

மேலே ஏறிப் பார்த்தால் வரப்பில் அவன் மனைவி செவ்வந்தி சோற்றுத் தூக்கோடு வந்துகொண்டிருந்தாள். அவள் பார்த்தால் கத்துவாள், ஊர் கூடும், ஈரமான மாவுக்கட்டை மிதித்துவிடுவார்கள். பாதி வழியிலேயே போய் நிறுத்தினேன்.

"எங்க நைனா அவரு?"

"மோட்டார் சாமான் வாங்க உத்திரமேரூருக்கு அனுப்பிக்கீறேன். சோத்த வச்சிட்டுப் போம்மா."

வைத்துவிட்டுப் போனாள். அவள் உங்களிடம் புகாரில் சொன்னது அத்தனையும் நிஜம்.

நான் திரும்பி வந்தபோது எதிர்ச்சுவரின் மீதியும் விழுந்திருந்தது. துரை தெரியவில்லை. கிழக்குச் சுவர் அப்படியே நின்றது. தொட்டுப் பார்த்தேன், கட்டு இன்னும் ஈரம். காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு எலும்பைப் பெயர்த்து, கயிறு கட்டி மேலே ஏற்றிவிட்டு, தினகரனைக் கூப்பிட்டேன்.

அவன் போனதிலிருந்து எனக்குக் கை ஒடிந்தது போலிருக்கிறது. சோறு இறங்கவில்லை. அவன் மகள் ஸ்வேதா படிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் அந்த எலும்பைக் கொடுத்தேன். அட்டையில் கண்டெடுத்தவர் துரை என்று எழுதினேன், என் பெயரை எங்கேயும் போடவில்லை. முதலில் தொட்டுப் பார்க்க அந்தப் பிள்ளையைத்தான் கூப்பிட்டேன். அவள் ஏன் கிட்டேயே வரவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை, ஐயா.