பெருமாள் பின்னால் மாட்டிய புடவை

ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்பிய இரண்டு பெண்கள். மடியில் பூக்கூடை வைத்திருந்தவள் சொன்னாள்:

"தாலி கட்ற நேரத்துல கூரைப்பொடவ பெருமாள் பின்னாடி மாட்டிக்கிச்சுமா."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இன்னாக்கா சொல்ற?" என்றாள் சின்னவள்.

"பக்கத்து வூட்டுக் கல்யாணம். மாப்பிள்ளையோட சித்தப்பா மெட்ராஸ்லேருந்து பொடவய எடுத்துக்கினு கார்ல வராரு, போன்ல மேப்பு பார்த்துக்கினே. அன்னிக்குன்னு பார்த்து கருட சேவை. ஊரே சாமிய லைவ் போட்டுக்கினு இருந்தா மேப்புக்கு நெட்டு எங்கேருந்து வரும்? பாதி ரோடு வந்துச்சாம், மீதி வெள்ளையா நின்னுட்டுதாம். மனுசன் கூட்டம் போற பக்கமே போயிட்டாரு."

"பெருமாள் வழி நெடுக நின்னு நின்னுல்ல போவாரு!"

"இவரும் நின்னாரு. நின்ன எடத்துல எல்லாம் சுண்டல் வேற."

"அப்போ பொண்ணு எத கட்டிக்கினா?"

"காஞ்சிவரத்துல பொடவைக்கா பஞ்சம்? நான் தீவாளிக்கு வாங்கி வச்ச அரக்குப் பட்டைக் குடுத்தேன். அதுலயே தாலி ஏறிடுச்சு. இனிமே இத தரமாட்டேன்னுட்டா பொண்ணு."

"ஐயய்யோ! லேட்டா வந்த பொடவ?"

அவள் பூக்கூடையை நகர்த்தி, கட்டியிருந்த புடவையின் முந்தானையை விரித்துக் காட்டினாள். மாம்பழ நிறம், அகல ஜரிகை.

"எம்மாடி! அரக்கவிட இதுதான்கா தூக்கலா இருக்குது!"

"அதான், எங்க தெருவுல அடுத்த கல்யாணத்துக்கும் மேப்பு பார்த்துக்கினே வாங்கன்னு சித்தப்பாகிட்ட சொல்லியனுப்பிச்சிருக்கேன்."