மீட்டர் பையில் எறும்பு

— சத்தியமா எதையும் ஒளிச்சு வைக்கலம்மா.

— அப்ப இந்த எறும்பு யாரைப் பார்க்க வந்துச்சு? உங்க சர்க்கரை மீட்டர் பைக்குள்ள வரிசை கட்டிப் போகுது.

— கேக் கடையில எறும்பு வராம யானையா வரும்?

— சிரிக்காதீங்க. பையைக் கொட்டுங்க, இந்த மேசையிலயே.

— இது கேக்குக்கு க்ரீம் பூ போடற மேசை. காகிதம் விரிச்சுக்கறேன்... இந்தா. மீட்டர், விரல்ல குத்தற ஊசி, ஸ்ட்ரிப் டப்பா, பஞ்சு. நாக்கையும் நீட்டட்டுமா?

— நீட்டறதுக்கு முன்னாடியே கழுவியிருப்பீங்க.

— கல்யாணமான நாள்லேர்ந்து என்னை இவ்வளவு கெட்டிக்காரன்னு நீ சொன்னதே இல்ல.

— அது இருக்கட்டும். இந்த கேக்ல ரோஜா ஏன் கோணிக்கிட்டு நிக்குது? உங்க கை வேலை மாதிரியே இல்லையே.

— அது... நேத்து சாயங்காலம் போட்டது. அவசரம்.

— காலையில வீட்ல பார்த்தா நூத்திப் பத்து. மதியம் இங்க சாப்பாட்டுக்கு முன்னாடி பார்த்தா முன்னூறு. நடுவுல வெறும் கறுப்புக் காபிதான்னு சொல்றீங்க. காபியா இவ்வளவு ஏத்துது?

— அதுதான் எனக்கும் புரியல.

— எனக்குப் புரியுது. ருசி பாக்கறேன்னு ஒரு விரல், பதம் பாக்கறேன்னு ஒரு விரல்...

— ருசி பாக்கறதை எப்பவோ விட்டாச்சு. இப்ப எல்லாத்துக்கும் அடுப்புக்காரர் நாக்குதான். கூப்பிட்டுக் கேளேன்.

— அவர் உங்க கூட்டாளி. நீங்க இல்லைன்னா அவரும் இல்லைம்பார்.

— மெதுவா... முன்பக்கம் ஆளுங்க இருக்காங்க.

— நாளைக்கு டாக்டர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க? இந்த மதியக் கணக்கைப் பார்த்துத்தான் போன தடவை மாத்திரையைக் கூட்டினார். இப்படியே இருந்தா இன்சுலின் ஊசிதான்னாரே.

— போட்டுக்கறேன். அதுல உயிரா போயிடும்?

— ஊசிக்கு நான் பயப்படல. நாப்பத்தஞ்சு வயசுல வந்த சர்க்கரையை சாப்பாட்டுல பாதி அடக்கிடலாம்னு சொன்னாரேன்னு, பார்த்துப் பார்த்துச் சமைக்கறேன். நானும் அதையேதான் திங்கறேன். நீங்க இங்க வந்து க்ரீமை வழிச்சு நக்கினா... என்னை என்னன்னு நினைச்சீங்க?

— நக்கல. நம்பு, நக்கல.

— சரி, என் கண்ணு முன்னாடி ஒரு தடவை பாருங்க.

— பாகு அடுப்புல இருக்கு. பதம் தப்பிடும்.

— இறக்கிட்டு வாங்க. நான் இங்கதான் இருக்கேன்.

— ...கம்பி வந்துருச்சு. இதோ பாரேன், ரெண்டு விரலையும் ஒட்டிப் பிரிச்சா நூல் மாதிரி... சரி, முறைக்காதே. வந்துட்டேன்.

— கையை எதுல துடைக்கறீங்க?

— இடுப்புத் துணியில.

— தொட்டா ஒட்டுதே அது.

— காலையிலேர்ந்து வேலை பார்த்த துணி பின்ன எப்படி இருக்கும்? இரு, குத்திக்கறேன்.

— எந்த விரல்ல?

— எப்பவும் ஆள்காட்டி விரல்தான். காய்ச்சுப் போன தோல், வலிக்காது.

— பாகைத் தொட்ட விரல்.

— அதான் துடைச்சுட்டேனே.

— ம்... என்ன காட்டுது?

— முன்னூத்திப் பதினாறு. நீ பார்க்கப் பார்க்க. இப்ப யார் ஊட்டிவிட்டா?

— கொஞ்சம் சும்மா இருங்க. குழாய்கிட்ட வாங்க. சோப்பு எங்க?

— உன் கைகிட்ட.

— நல்லாத் தேய்ங்க. நக இடுக்கெல்லாம்... அந்தத் துணி வேண்டாம், என் கைக்குட்டையில துடைங்க. இப்ப மோதிர விரல்ல.

— அதுல வலிக்கும்.

— வலிக்கட்டும்.

— ஸ்ஸ்...

— காட்டுங்க.

— தொண்ணூத்தி ஒண்ணு... மீட்டர் கெட்டுப் போச்சா?

— மீட்டருக்கு ஒண்ணுமில்ல. இத்தனை நாளா விரல்ல ஒட்டியிருந்த பாகையும் சேர்த்துக் கணக்குப் பண்ணியிருக்கு. எறும்புக்குத் தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்கும் தெரியல.

— அப்ப நான் பாகுக்கா மாத்திரை போட்டுட்டு இருந்தேன்?

— சிரிக்காதீங்கன்னா... எனக்கும் வருது.

— பாகுக்கு ஊசி வேற போட இருந்தாங்க.

— போதும். உட்கார்ந்து சாப்பிடுங்க முதல்ல. நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மதிய மாத்திரையைத் தொடறதுக்கு முன்னாடி டாக்டருக்கு போன் பண்ணிக் கேட்டுடலாம், நாமளா எதுவும் பண்ணக் கூடாது. மாத்திரை அதிகமானா வேர்க்கும், கை நடுங்கும்னு அன்னிக்கே சொன்னாரு. உங்களுக்கு அப்படி ஒண்ணும் இல்லையே?

— என்ன கொண்டு வந்திருக்கே?

— கீரையும் முட்டையும். நான் கேட்டதுக்குப் பதில்?

— மூடியைத் திற. பசிக்குது.

— ...நான் ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது.

— கீரையில உப்பு மறந்துட்டியா?

— போன வாரம் உங்க முதலாளியம்மாவைப் பார்த்தேன். உங்களை இந்த மேசையிலேர்ந்து எடுத்து, பெட்டி கட்டற பக்கம் போடச் சொல்லிக் கேட்டேன். க்ரீம் பக்கமே போகலைன்னா குறையும்னு... பூ போடறது உங்களுக்கு உசிருன்னு தெரிஞ்சேதான் கேட்டேன். அவங்க ஒண்ணும் சொல்லாம என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. நீங்க சாப்பிடுங்க. நான் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடறேன்.

— நீ மட்டும் போனாப் போதாது. நானும் வரணும்.

— நீங்க எதுக்கு?

— அவங்க உன்னை அப்படிப் பார்த்ததுக்குக் காரணம் இருக்கு. நீ போனதுக்கு முந்தின நாளே நான் போய் அதையே கேட்டிருந்தேன். மாத்திரையைக் கூட்டினதுலேர்ந்து சாயங்காலம் ஆனா கை நடுங்குது, ஒரு இதழ் நிக்க மாட்டேங்குது... அந்தக் கோணல் ரோஜாதான் நேத்து நான் போட்டதுல கொஞ்சமாவது நல்லா வந்தது.