நான்காவது மாமனிதர்

– ஏதென்ஸ் பெற்ற மாமனிதர்கள் யார், பார்மோன்? தெமிஸ்டோக்ளீஸ். அரிஸ்டெய்தீஸ். கிமோன். மூவரையும் இதே நகரம்தான் பானை ஓட்டில் பெயர் கீறிப் பத்தாண்டுகளுக்கு வெளியே அனுப்பியது. அருகில் சூரியன் இருந்தால் சிறியவர்களுக்குக் கண் கூசத்தானே செய்யும்? நாளை இந்தப் பெய்தார்கோசின் முறை.

– காலை எடுங்க ஐயா. சுடாத பச்சைப் பானைமேல நிக்கிறீங்க.

– ஓ. இது விற்பதற்கா?

– விக்கத்தான் வெச்சிருந்தேன். கிட்டோஸ், ஐயா செருப்பைத் துடைச்சு விடு.

– துடைக்கணுமா அத்தான், இல்ல சூரியனே காய வெச்சுக்குமா?

– உன் மச்சினனுக்கு வாய் நீளம், பார்மோன். இருக்கட்டும். பிரிவுரை எழுதி வைத்திருக்கிறேன். "ஏதென்ஸ் மக்களே, அழாதீர்கள்" என்று தொடங்கும். துறைமுகத்தில் நின்று சொல்ல வேண்டும். அங்கே காற்று அதிகம், அதனால் வீட்டு மாடியில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

– தெரியும் ஐயா. எங்க தெருவே தூங்கி ரொம்ப நாளாச்சு.

– கிட்டோஸ், சும்மா இரு. எந்த ஊருக்குப் போறதா உத்தேசம் ஐயா?

– ஆர்கோஸ். தெமிஸ்டோக்ளீஸ் அங்கேதானே போனார். வீடுகூடப் பேசி முடித்தாயிற்று. முற்றத்தில் அத்திமரம்.

– ஓடு விழறதுக்கு முன்னாடியேவா?

– விழும். என் கவலை அதுவல்ல. மக்கள் என் பெயரை எதில் கீறுவார்கள்? மீன் சட்டி உடைசலில், எண்ணெய்ப் பிசுக்கோடு. என் பெயர் அதிலா கிடப்பது? நீ எனக்கொரு தாழி செய்து தந்தாயே, மதுவில் தண்ணீர் கலக்க. கண்ணாடிபோலக் கறுப்பு மெருகு, விளிம்பைச் சுற்றி டால்பின்கள். அந்தத் தரத்தில் நல்ல ஓடாகப் பொறுக்கிச் சந்தை வாசலில் வையேன்.

– அந்தத் தரத்துல ரெண்டுதான் சுட்டேன். ஒண்ணு சூளையிலயே வெடிச்சிருச்சு. இன்னொண்ணு உங்க வீட்ல.

– ஆமாம், ஏதென்சில் வேறு எவனிடமும் இல்லை. சரி, என்னால் ஆனதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீயும் என் பெயரைத்தானே எழுதுவாய்? அந்தக் கடற்போரில் உன் மகன்... உனக்கு என்மேல் வருத்தம் இருக்குமே.

– என் மகன் பேரு என்னங்க ஐயா?

– நல்ல பையன். உழைப்பாளி.

– பார்த்துப் போங்க. வாசல்ல இன்னும் ரெண்டு பானை காயுது.

– அத்தான். அத்தான், அவன் போயிட்டான். கையை எடு, மண்ணு நசுங்குது.

– பேர்கூடத் தெரியல கிட்டோஸ்.

– தெரிஞ்சுதான் என்ன செய்யப் போறான்? விடு.

– தினோன். வேண்டிக்கிட்டுப் பெத்த பிள்ளை. போர்ல இந்தப் பெய்தார்கோஸ்தான் முதல்ல தன் கப்பலைத் திருப்பிட்டு ஓடினான். பின்னால வந்த கப்பல்ல தினோன் துடுப்புப் போட்டுக்கிட்டு இருந்தான். எதிரிக்கு நடுவுல அவங்களை விட்டுட்டுக் கரைக்கு வந்து, துடுப்புக்காரப் பசங்க பயந்து ஓடிட்டாங்கன்னு சபையில சொன்னான். அப்படி இல்லன்னு நான் எழுந்து நின்னு சொன்னேன். யார் நம்பினா? பொணமும் வரல. கோழைங்கிற பேரு மட்டும்தான் வீட்டுக்கு வந்துது.

– அதுக்குத்தானே அத்தான் இந்தக் கூடை நிறைய ஓடு? குளிர்காலம் பூரா உக்காந்து நீ கீறினது, எல்லாத்துலயும் இவன் பேரு. காலையில எழுதத் தெரியாதவங்க கையில ஆளுக்கொண்ணு திணிக்கிறேன். பத்து வருஷம் தொலையட்டும் நாய்.

– வேண்டாம்.

– எது வேண்டாம்?

– காதுல விழலையா உனக்கு? அத்திமரத்து வீடு, துறைமுகத்துல பேச்சு. துரத்தினா அது அவனுக்கு மாலை போட்ட மாதிரி. இந்தக் கூடையைத் தூக்கிட்டுப் போனா அவன் ஊர்வலத்துக்கு முன்னால நான்தான் கொட்டு அடிச்சுட்டுப் போறேன்னு அர்த்தம்.

– அப்ப சும்மா விட்டுடறதா? எங்கக்கா உன்னைச் சூளையில வெச்சுச் சுட்டுடுவா.

– உங்கக்காகிட்ட நான் பேசிக்கிறேன். நீ கூடையைச் சேத்துக்குழியில கொட்டி மிதி. அப்புறம் தெருத் தெருவாப் போய்ச் சொல்லு, பெய்தார்கோஸ் பேரை யாரும் எழுத வேண்டாம்னு.

– நான் சொன்னா கேட்டுடுவாங்களா?

– பெரிய மனுஷங்களைத்தானே துரத்துவோம், இவனுக்கு எதுக்கு அந்த மரியாதைன்னு சொல்லு. சிரிச்சுக்கிட்டே கேப்பாங்க.

– இது நல்லாயிருக்கே. சரி, நீ எங்க கிளம்பிட்ட?

– வெடிச்ச தாழி எங்க கிடக்குன்னு பார்க்கிறேன்.

*

– அத்தான், கதவைச் சாத்து. சிரிச்சுச் சிரிச்சு விலா பிடிச்சுக்கிச்சு. ஓட்டைப் போட்டதும் திரும்பிப் பாக்காம வந்துட்டியே, இருந்து பாத்திருக்கணும்.

– சூளையில நெருப்பு இருந்துச்சு. ஊரை விட்டு யாரு போறா?

– யாரோ ஒரு தோல் வியாபாரி. அது கிடக்கட்டும். நம்மாளைக் கேளு. வெள்ளை அங்கி, தலைக்கு எண்ணெய், பேச்சு கையில. வேலைக்காரங்க மூட்டை முடிச்சோட வெளியில நிக்கிறாங்க. ஒவ்வொரு குவியலுக்கும் பேர் படிக்கும்போது ஒரு அடி முன்னால வர்றான், வேற பேருன்னதும் ஒரு அடி பின்னால போறான். பாதிச் சந்தை இவன் காலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்துது.

– கடைசியில?

– இவன் பேருக்குக் குவியலே இல்ல. அதிகாரி கீழ சிதறினதைப் பொறுக்கிப் படிச்சாரு பாரு, "பெய்தார்கோஸ்"னு. தூக்கிக் காட்டினா, கண்ணாடி மாதிரி கறுப்பு மெருகு, விளிம்புல டால்பின். அந்தத் தாழியைக் காட்டாம அவன் எவனுக்கு விருந்து போட்டிருக்கான்? ஊரே ஒருதடவை திரும்பி அவனைப் பார்த்துது. தன் பேரைத் தானே எழுதிக்கிட்டான்டான்னு ஒருத்தன் சொன்னான் பாரு, ஓடு போடுற இடத்து வேலிக்கு வெளியில நின்ன மீன்காரிங்க வரைக்கும் போய்ச் சேர்ந்துது.

– அவன் என்ன சொன்னான்?

– அத்தீனா தேவி மேல ஆணை, நான் எழுதலன்னான். அப்புறம் பெத்த அம்மா மேல. அப்புறம் ஒவ்வொருத்தன் அங்கியையும் பிடிச்சு இழுத்துச் சொல்றான். மேடைப் பேச்சு மாதிரி பேசுவானே, எல்லாம் போயிருச்சு. "நான் இல்லடா, நான் இல்லடா"ங்கிறான்.

– யாரும் நம்பலையா?

– ஒருத்தரும் நம்பல.

– தினோனுக்காக நான் சொன்னப்பவும் அப்படித்தான்.

– அத்தான், உன் முகம் ஒரு மாதிரி இருக்கே. அந்தத் தாழி ஓடு...

– சூளையில வெடிச்சுதே, அதுல உடைச்சது. நான்தான் கீறினேன். செய்யாததைச் செஞ்சான்னு ஊரே சொன்னா எப்படி இருக்கும்னு அவனுக்கும் தெரியட்டும். சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே திரியட்டும், நான் எழுதல, நான் எழுதலன்னு.

– அடப்பாவி. அப்ப அவன் பண்ணின சத்தியம் நிஜமா? எனக்கே பாவமா இருக்கு. அழுதுட்டான் தெரியுமா?

– அழட்டும். உங்கக்கா அழாத அழுகையா?

– அதுவும் சரிதான். ஆனா ஒண்ணு புரியல. ஆளுக்கொரு ஓடுதானே போட விடுவாங்க. நீ எப்படி ரெண்டு போட்ட?

– எது ரெண்டு?

– படிச்சது ரெண்டு அத்தான். ரெண்டும் கறுப்பு மெருகு, ரெண்டுலயும் டால்பின்.

– நான் போட்டது ஒண்ணு.