மஞ்சள் வட்டத்துப் பலகைகள்

கண்டியருகே அம்பிட்டியவில் மழைக்காலத்தில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. வேலைக்குப் போட என்னிடம் நான்கு சட்டைகள்தான் இருந்தன. இதை முதலில் சொல்லக் காரணம், நான் செய்ததை வன்மம் என்று நீங்கள் எண்ணிவிடக் கூடாது.

இரசாயனவியலில் பட்டம் பெற்றவள். அதிகம் பேசமாட்டேன். ஹாஷிம் முதலாளியின் அலுமினியப் பாத்திரப் பட்டறையில் தரம் பார்ப்பது என் வேலை.

அந்த ஆண்டு கொழும்பிலிருந்து லொறியில் பழைய அலுமினியப் பலகைகள் வந்தன. நடுக்கடலில் எரிவாயு எடுக்கும் மேடையொன்றின் உச்சியில், ஹெலிகொப்டர் இறங்குவதற்காகப் போட்டிருந்த தளம் அது. இருபத்து மூன்று ஆண்டுகள் ஹெலிகொப்டர் இறங்கியிருக்கிறது. எரிவாயு தீர்ந்தபின் ஒன்பது ஆண்டுகள் பறவைகள் மட்டும் இறங்கியிருக்கின்றன. கடைசியில் அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்து விற்றுவிட்டார்கள். கூட வந்த தாளில் இவ்வளவும் இருந்தது. பலகைகளை ஒழுங்காகப் பரப்பினால், விமானிக்காக வரைந்த மஞ்சள் வட்டம் தெரியும். அதன்மேல் விரற்கடை கனத்துக்குப் பறவை எச்சம்.

மஞ்சள் பூச்சைக் கொஞ்சம் சுரண்டி சோடியம் சல்பைட்டுக் கரைசல் விட்டேன். கறுத்தது. ஈயம்; பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயமல்ல, உடம்பில் சேர்ந்தால் நஞ்சாகும் காரீயம். முதலாளியிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"அப்ப ஒரு பொட்டும் இல்லாமச் சுரண்டணும் மகள். சாப்பாட்டுச் சாமான் இது," என்றார்.

சுரண்டி முடிந்த பலகையில் நான் சோக்கால் சரி போட வேண்டும். சரி இல்லாத பலகை உலைக்குப் போகாது.

பட்டறையில் கூலிக்கு நின்ற ராக்கம்மாவும் நல்லம்மாவும் சுரண்டினார்கள். தூசி பறக்காதிருக்கத் தண்ணீர் ஊற்றினார்கள். எச்சம் நனைந்து கஞ்சியாக ஒழுகியது. அழுகிய மீனும் மூத்திரமும் சேர்ந்த நாற்றம்.

"கடலுக்கு நடுவுல காக்காய்க்குக் கக்கூஸ் கட்டியிருக்கானுங்க மிஸ். கழுவ நம்மள விட்டானுங்க பாருங்க," என்று ராக்கம்மா சிரித்தாள். அந்தக் கையாலேயே வெற்றிலை மடித்தாள்.

நான் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. நாற்றம் சட்டையில் ஏறியது. ஈரத் துணியிலேயே தங்கியது. பிறகு சோற்றிலும் வந்தது.

நான்கு நாளில் நூற்றிருபது பலகைகளில் முப்பத்தொன்றுதான் முடிந்தன. ஐந்தாம் நாள் மீதி எண்பத்தொன்பதிலும் சரி போட்டேன். பெண்களைப் பொதி கட்ட அனுப்பினேன்.

உலையில் நிற்கும் அம்புறோஸ் அண்ணன் கேட்டார். "மிஸ், மஞ்சள் அப்பிடியே இருக்கே?"

"நெருப்பில போயிரும் அண்ணே."

ஈயம் நெருப்பில் போகாது. அது முதலாம் ஆண்டுப் பாடம்.

அந்தப் பலகைகளை உருக்கி வார்த்த பானைகளில் நான்கைப் பன்விலத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக் காம்பராவுக்கு முதலாளி இனாமாகக் கொடுத்தார். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். மூன்று மாதம் கழித்து அங்கிருந்து ஆயா பேச்சியம்மா வந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை.

"புள்ளைங்க வயித்த வலிங்குதுங்க மிஸ். தின்னதெல்லாம் கக்குதுங்க. பானையில ஏதும் இருக்குமா? புளி போட்டுத் தேச்சுத்தான் வைக்கிறேன். தெனம் அதுலதான் ரசம்."

புளி ஈயத்தைக் கரைக்கும். சொல்ல வாயெடுத்தேன். குழந்தை என் கையில் வாந்தி எடுத்தது. இளஞ்சூடாக, முழங்கை வரை. பேச்சியம்மா முந்தானையால் துடைக்க வந்தாள். அவர்கள் போனால் போதும் என்றிருந்தது.

"பானை நல்ல பானை. பயப்படாமச் சமைங்க," என்றேன்.

இரண்டு பிள்ளைகள் வலிப்பு வந்து இறந்ததாகச் சொல்கிறீர்கள். அந்தச் சரிகளைப் போட்டது நான்தான். ஈயம் என்று தெரிந்தே போட்டேன். அப்படியே வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நான் கூச்சப்படுகிறவள். நானாகப் போய்ப் பேச எனக்கு வராது. யாராவது ஒருவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.