வீடு கேளாத மாப்பிள்ளை

காரைதீவுச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் பஸ்ஸிலிருந்து இறக்கி வரிசையில் நிற்க வைத்தார்கள். எனக்கு முன்னால் இரண்டு இளம் டீச்சர்மார். ஒருத்தி, பத்திரிகைத் தாளில் உறை போட்ட ஆங்கில நாவலொன்றைப் பைக்குள் ஆழத் திணித்தபடி சொன்னாள்:

"அவன் வீடு கேக்கல்லகா. அதான் எனக்கு வெக்கமாப் போச்சு."

"ஆரு?"

"கதைல வாற இங்கிலீஸ்காரன். இந்தக் காலத்துப் பொண்ணொருத்தி எப்படியோ இருநூறு வருசத்துக்கு முந்தின இங்கிலாந்துக்குப் போயிர்றா. உடுத்த உடுப்போட நிக்கிறா. அவள அப்படியே கலியாணம் முடிச்சிட்டான்."

"கதைதானேகா. நம்மட ஊருல வீடு குடுக்காம ஆரு முடிக்கான்? நான் அட்டைப் படத்துக்குத்தான் வெக்கப்படுறாய் எண்டு நெனச்சன்."

"என்ட மாப்பிளைக்கு உம்மா வாப்பா இருந்த வீட்டத்தானே சீதனமாக் குடுத்த. இப்ப அவங்க பின்னால குசினிக்குள்ள, அடுப்படில படுக்காங்க. நான் முன்னறைல சாஞ்சிக்கிட்டு இத வாசிக்கன்."

மற்றவள் அடையாள அட்டையை வெளியே எடுத்தாள். வரிசை கொஞ்சம் நகர்ந்ததும் நாவல் வைத்திருந்தவள் தொடர்ந்தாள்:

"நேத்து நல்ல மழை. கடைசிப் பக்கம் வாசிக்கக்குள்ள உம்மா நனைஞ்சிட்டு வந்து, வாசல்ல நிண்டு கேக்கா: 'மகள், உள்ளுக்கு வரட்டா?'"