மொழிபெயர்ப்பாளர் பற்றி ஆட்சேபணை உண்டா என்று கேட்கப்பட்ட விதம்

எனது பெயர் கிரிஜா தேவராஜா. வயது இருபத்து நான்கு. சிட்னி, குவேக்கர்ஸ் ஹில்லில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்பதால், என் தாயின் தங்கை சிவாஜினியின் பாதுகாப்பு விசா விடயங்களுக்கு நானே கூடப் போய்வருகிறேன். சம்பந்தப்பட்ட பேச்சு தமிழில் நடந்ததால் இதையும் தமிழிலேயே தருகிறேன்.

சின்னம்மாவின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பின்பு தீர்ப்பாயத்தில் விசாரணை வைத்தார்கள். அப்போது எங்களுக்குச் சட்டத்தரணி இல்லை. இலங்கையில் தடுப்பு முகாமில் தனக்கு நடந்த பாலியல் வன்முறையை அவர் அதுவரை எந்த அதிகாரியிடமும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் கணவர் அருந்தவனுக்கும் தெரியாது. எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். விசாரணையில் சொல்லிவிடுவதென்று முடிவெடுத்து வந்தார்.

மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மகாதேவன். சித்தப்பா அருந்தவனின் ஊர்க்காரர். காத்திருக்கும் இடத்தில் எங்களைக் கண்டதும் எழுந்து வந்து, "அருந்தவன்ர மனுசியெல்லே நீர்? உம்மட மாமியோட போன கிழமையும் போனில கதைச்சனான்" என்றார். சின்னம்மா கதிரையை விட்டு எழுந்து நின்றுதான் பதில் சொன்னார்.

அதன் பிறகு உள்ளே அழைத்தார்கள். தீர்ப்பாய உறுப்பினர், இந்த மொழிபெயர்ப்பாளர் பற்றி ஆட்சேபணை உண்டா, இருந்தால் வேறொருவரை ஒழுங்குசெய்யலாம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மகாதேவன் சிரித்துக்கொண்டு, "என்னில ஏதும் குறை இருக்கோ எண்டு கேக்கிறா, தங்கச்சி" என்றார். வேறொருவரை ஒழுங்குசெய்யலாம் என்பதை அவர் சொல்லவேயில்லை. சின்னம்மா, "ஐயோ, என்ன கதை அண்ணை, ஒரு குறையும் இல்லை" என்றார். கணவரின் ஊர்ப் பெரியவர் ஒருவரின் முகத்துக்கு நேரே எங்கள் பெண்கள் வேறு பதில் சொல்லமாட்டார்கள். அது ஆட்சேபணை இல்லை என்று பதிவானது. நான் கையை உயர்த்தினேன். துணைக்கு வந்தவர் பேசக்கூடாது என்று உறுப்பினர் என்னைப் பாராமலே சொன்னார்.

அதன் பிறகு முகாமில் என்ன நடந்தது என்று கேட்டபோது சின்னம்மா மகாதேவனைப் பார்த்துவிட்டு, "விசாரிச்சவை. பிறகு விட்டிட்டினம்" என்றார். தண்ணீர்க் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். குடிக்கவில்லை.

தீர்ப்பாயமும் நிராகரித்தது. முகாமில் பெரிய தீங்கு எதுவும் நடந்ததாக அவர் கூறவில்லை என்று தீர்ப்பில் உள்ளது. அதன் பிறகுதான் ஒரு சட்டத்தரணியிடம் போய், மகாதேவன் முன் சின்னம்மாவால் சொல்லவேண்டிய ஒன்றைச் சொல்ல முடியவில்லை என்று மட்டும் எழுதி நீதிமன்றத்தில் மனுப் போட்டோம். சின்னம்மா சொல்வது உண்மையா என்று நீதிமன்றம் பார்க்காது, விசாரணை நியாயமாக நடந்ததா என்று மட்டுமே பார்க்கும் என்று அவர் விளங்கப்படுத்தினார். இதிலும் தோற்றால் சின்னம்மாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதிர்த்தரப்பான குடிவரவு அமைச்சர் தரப்பு மகாதேவனின் வாக்குமூலத்தைத் தாக்கல் செய்திருக்கிறது. சின்னம்மா தன்னோடு சொந்தத் தமையனோடு கதைப்பது போலக் கதைத்தார் என்று அதில் கூறுகிறார். அது பொய்யில்லை. எங்கள் முறைப்பாடே அதுதான்.

போன மாதம் மெரிலேண்ட்ஸில் மீன்கடையில் நின்றபோது மகாதேவன் என் பின்னால் வந்து, "என்ன பிள்ளை, கம்பஸ் போனா பெரியாக்களைக் கோட்டுக்கு இழுக்கலாமோ? உன்ர சின்னம்மா அப்பிடி என்னத்தை மறைக்கிறா எண்டு அருந்தவனிட்டயே கேக்கட்டோ?" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். மீன் வெட்டியவர் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். வாங்கிய மீனை விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அன்றே இதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அவர் தானே யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துக் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். சித்தப்பா முழுவதையும் கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு எத்தனை தரம் எடுத்தும் அவர் பேசவில்லை. இந்த விடயத்தைத் தன் பெயரோடு நீதிமன்றத்தில் வைக்கும்படி சின்னம்மா எனக்குச் சொன்னது அதற்குப் பிறகுதான். "இனி ஆர் மொழிபெயர்த்தாலும் சொல்லுவன்" என்றார்.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. திருத்த ஒன்றும் இல்லை. நான் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே உள்ளபடி சொல்லியிருக்கிறேன் எனச் சத்தியம் செய்து ஒப்பமிடுகிறேன்.

கிரிஜா தேவராஜா
பரமட்டா